குளிர் மலையில் வெப்பமண்டலத் தோற்றம்: எந்தச் செடி, எந்த இடம்

கண்டி நாற்றுமேடைகளில் தளதளவென்று நிற்கும் குரோட்டனும் ஹெலிக்கோனியாவும் நுவரெலியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இலை கொட்டி நிற்பதற்கு உரக் குறைவு காரணமில்லை. கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை 6 பாகைக்கு மேல் குறையும் என்பதால், இரண்டு ஊருக்கும் இடையே 8, 9 பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்துவிடுகிறது. குளிர்ந்த ஈர மண்ணில் அந்தச் செடிகளின் வேர் வேலை செய்யாமல் அழுகத் தொடங்கும். அப்போது உரம் போட்டால் அழுகல் கூடும்.

வெப்பமண்டலம் என்று கண்ணுக்குப் படுவது பெரிய இலையும் அடுக்கடுக்கான நெருக்கமும்தான். இரண்டையும் குளிர் தாங்கும் செடிகளே தரும்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

பண்டாரவளை, எல்ல, பதுளைப் பக்கம் சாதாரண வாழையே நன்றாக வரும். அங்கே தொல்லை ஆனி, ஆடியில் அடிக்கும் வறண்ட காற்று. ஹட்டன், தலவாக்கலையில் தென்மேல் பருவமழை மண்ணை மாதக்கணக்கில் ஊறவைக்கும். நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளையில் தை, மாசி உறைபனி.

வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே வளவில் மேல் தட்டு தப்பும், கீழ் தட்டு கருகும். தை மாத விடியலில் புல்லில் எங்கே வெள்ளை படிகிறது என்று பார்த்து, அந்த எல்லையில் குச்சி நட்டு வையுங்கள். வாழை இனத்தையும் சேம்பையும் அதற்கு மேலேதான் வைக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்க வேண்டியவை

பின்னணிக்கு மரப்பெரணியை மிஞ்ச ஒன்றுமில்லை. நம் மலைக்காட்டுக்கே உரிய செடி, மூடுபனியில் செழிக்கும். ஆனால் காட்டிலிருந்து தோண்டி எடுக்கவே கூடாது. நாற்றுமேடைக் கன்றையே வாங்குங்கள். நடும்போது சுருள் இலை வரும் நடுக்குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். வெயில் நாட்களில் வேரடியோடு தண்டையும் நனையுங்கள், தண்டின் மேலும் வேர்கள் இருக்கின்றன. 1861இல், மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத் தோட்டமாகத் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்காவில் நன்கு வளர்ந்த மரப்பெரணிகளைப் பார்த்துவிட்டு வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்று புரியும்.

சிவப்பு நடுநரம்புள்ள அபிசீனிய வாழை அடுத்தது. 10 அடிக்கு மேல் போகும், தின்னும் பழம் தராது. பக்கக்கன்று விடாமல், ஒருமுறை பூத்ததும் மடிந்துவிடும் என்பதால் வேறு இடத்தில் இன்னொரு கன்றை வளர்த்து வையுங்கள். காற்று இலையைக் கிழித்து நாராக்கிவிடும். வீட்டுச் சுவர் மூலையே இதற்குரிய இடம்.

நடு அடுக்குக்குக் கல்வாழை. கிழங்கை 3 அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் புதிய தண்டுக்கு இடம் கிடைக்கும். கான் ஓரத்துக்குக் கல்லா லில்லியும் சேம்பும். பனை வேண்டுமென்றால் விண்ட்மில் பனை உறைபனிக்கு அஞ்சாமல் நிற்கும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். தென்னை, கமுகு ஆசையை இந்த உயரத்தில் விட்டுவிடுங்கள்.

இரண்டு செடிகளில் எச்சரிக்கை தேவை. எக்காளம் போலத் தொங்கும் பூவுள்ள புருக்மன்சியா, குச்சி நட்டாலே வரும் அழகிய செடி. ஆனால் ஊமத்தையின் உறவு, இலை முதல் விதை வரை நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் ஆடு மாடு மேயும் பக்கத்திலும் வேண்டாம். மஞ்சள் பூ பூக்கும் ககிலி இஞ்சி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. பறவைகள் அதன் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோகும். எவ்வளவு மணந்தாலும் நம் மலையில் அதை நடாதீர்கள்.

நடவு

நுவரெலியா, ஹட்டன் உள்ள மேற்குச் சரிவில் உறைபனி போன பின், சித்திரை மழையோடு நட்டால் அடுத்த தைக்குள் வேர் பிடித்துவிடும். பதுளை, பண்டாரவளை உள்ள ஊவாப் பக்கம் ஐப்பசி மழை நல்லது. கீழ்நாட்டிலிருந்து வந்த கன்றை உடனே நடாமல் இரண்டு, மூன்று வாரம் தாழ்வாரத்தில் வைத்துப் பழக்குங்கள்.

பெரிய செடிக்கு 2 அடி நீள, அகல, ஆழக் குழி. மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு ஒரு கூடை கலந்து, தரையை விட 6 அங்குலம் மேடாக நிரப்புங்கள். குழியின் மேல்பக்கம் சிறு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட வேண்டும். களிமண்ணில் தட்டையான குழி தோண்டினால் அது வாளியாகி நீரைப் பிடித்து வைக்கும். இங்கே குளிரை விட அதிகமாகச் செடிகளைக் கொல்வது அதுதான்.

உறைபனி இரவுகள்

மண்ணை மூடிப் பரப்பும் மானாப்புல் மூடாக்கு மற்றக் காலங்களில் நல்லது. தையில் மட்டும் சின்னச் செடிகளைச் சுற்றி அதை விலக்குங்கள். ஈரமான வெறும் மண் பகலில் வெயிலை வாங்கி இரவில் சூட்டை விடும். மூடாக்கு அதை அடைத்துவிடும். முதல் நாள் காலையிலேயே தண்ணீர் விட்டு, பொழுது சாயும் முன் நான்கு குச்சி நட்டுச் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

கருகிய இலைகளை உடனே வெட்டாதீர்கள். அடுத்த பனியிலிருந்து குருத்தைக் காப்பது அவைதான். மாசி கழிந்து பங்குனியில் வெட்டி, வேரடியில் மாட்டெரு போடுங்கள். கல்வாழையும் சேம்பும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். வாழைத் தண்டை அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கும் பகுதியை மட்டும் உறுதியான இடம் வரை அரிந்துவிடலாம்.