பறக்க மாட்டேன்னு நின்ன யாளி

நாவல் எழுதறேன்னு ஒரு பறக்கற யாளிய உருவாக்குனனுங்க. காங்கேயம் காளை சைஸு, நாலு காலு, தும்பிக்கை, முதுகுல ரெண்டு றெக்கை, தீனி பூராவும் கொறங்காட்டு மேய்ச்சல் நெலத்துக் கொழுக்கட்டைப்புல்லு. எங்கப்பாருகிட்ட படிச்சுக் காட்டுனா, "ஏங்கண்ணு, வயித்துல அத்தன புல்ல வச்சுட்டு அது எப்படி எந்திரிச்சுப் பறக்கும்?"னு ஒரே கேள்வி. மாடு கட்டியே வளந்த மனுசன், அசை போடற வயிறு என்ன கனம்னு தெரியாதா அவருக்கு.

கணக்குப் போட்டா அவரு சொன்னதுதான் சரி. உருவத்த எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்காக்குனா றெக்கைப் பரப்பு 4 மடங்குதான் ஆகும், எடை 8 மடங்காயிரும், அத்தன கனத்த அந்த றெக்கை தூக்காது.

அப்பறம் குவெட்சால்கோட்லஸ் கண்ணுல பட்டுது, டைனோசர் காலத்துப் பறக்கற ஊர்வன, றெக்கை விரிச்சா 10 மீட்டர் கிட்ட, எடை 200, 250 கிலோ இருக்கும்ங்கறாங்க. அதுக்கு முன்னங்காலேதான் றெக்கை, எலும்புக்குள்ள காத்து, நாலு காலயும் ஊனி எகிறித்தான் மேல போயிருக்கும்னு நெறைய ஆராய்ச்சியாளருக சொல்றாங்க. நானும் முதுகு றெக்கைய வெட்டிட்டு முன்னங்காலையே றெக்கையாக்கிட்டேன், கோயில் தூண் யாளி அழகு போச்சேன்னு மனசு கேக்கவே இல்ல. புல்லுக்குப் பதிலா செத்த மாடு, மோயாத்துப் பக்கத்துப் பாறுக் கழுகாட்டம். நாள் பூரா றெக்கையடிச்சா கட்டுபடியாகாது, அதனால ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து உடுமலைப் பக்கம் அடிக்கற காத்துல மிதக்க விட்டுட்டேன்.

தும்பிக்கைய மட்டும் எடுக்கல. அது எதுக்குன்னு அப்பாரு இன்னும் கேக்கலீங்க.