கரண்ட் போனால் 2007-க்குப் போகும் கணினி: அப்டேட் ஆகாத பழைய பெட்டியைச் சரிபார்ப்பது எப்படி?

கோத்தகிரியில் பெரியப்பா வீட்டு மேசைக் கணினி, இன்டெலின் பழைய சிப்பான கோர் 2 டுயோ காலத்தது. பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஐப்பசி மழையில் கம்பிமேல் மரக்கிளை விழும், கரண்ட் போகும். திரும்பி வந்தால் விண்டோஸ் 10 அப்டேட் பாதியில் நிற்கும். "வைரஸ் புகுந்துடுச்சு போல, பாருப்பா" என்றார். திரையின் வலது மூலையைப் பார்த்தேன்: 2007 ஜனவரி 1.

1. முதலில் தேதி

மதர்போர்டில் (பெட்டிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) ஒற்றை ரூபாய் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சிஆர் 2032, 3 வோல்ட். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடிவிடும். கரண்ட் போனால் இந்தப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அது செத்திருந்தால் தேதி பழைய காலத்துக்கு ஓடிவிடும். அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் அமலுக்கே வரவில்லை" என்று கணினி நினைத்து, இணைப்பை மறுத்துவிடும். பாவம், வைரஸ்மேல் பழி!

பேட்டரியை மாற்றுவதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) 'சாட்டா மோடு', அதாவது கணினி ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை, எதில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனபிறகு அது ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் எழும்பாது. நான் அரைநாள் முழித்தது அங்கேதான்.

அப்புறம் பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பேட்டரி ஓரத்திலுள்ள சின்னக் கொக்கியை அழுத்துங்கள். துள்ளி வெளியே வரும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரிய வையுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பயாஸில் தேதியைச் சரிசெய்து, படத்தோடு மற்றதை ஒப்பிட்டுச் சேமியுங்கள்.

2. இடம் இருக்கிறதா?

சி டிரைவ் சிவப்பாக இருந்தால் 'டிஸ்க் கிளீனப்' திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'சர்வீசஸ்' போய் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டரில் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷனுக்குள் இருக்கும் 'டவுன்லோட்' ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். அரைகுறையாக இறங்கியவை ஒழியும்.

3. பெட்டியே பழசு என்றால்

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள். கோர் 2 டுயோவில் அந்த ஆசை வேண்டாம்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 'பாப்கவுண்ட்' என்ற கட்டளை இல்லாத சிப்பில் எழும்பவே எழும்பாது; கோர் 2 டுயோவில் அது இல்லை.

இங்கே என் ஓட்டு விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்டுக்கு, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு. 2 ஜிபி ராமில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணினியை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் தட்டுங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதியுங்கள். பெரியப்பாவின் எக்ஸெல் கணக்கு லிப்ரேஆஃபிஸில் அப்படியே திறந்தது.

பிடித்திருந்தால், கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள். நிறுவும்போது வரும் 'எரேஸ் டிஸ்க்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். யூபிஎஸ் இல்லாத வீடென்றால் மழை இறங்காத காலைப் பொழுதாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.