ஏற்காட்டுச் சரிவில் நோடு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஆய்வக மேஜையில் ஒழுங்காக ஓடிய சென்சார் நெட்வொர்க், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போனதும் படுத்துவிடுகிறது என்று மாணவர்கள் என்னிடம் வருவார்கள். பழி மூடுபனி மேல் விழும். உண்மையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. அலையை விழுங்குவது நனைந்த இலை. சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி என்று இலைக்கு அங்கே பஞ்சமில்லை. நோடு, அதாவது சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு கருவி, தரவை அனுப்ப அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய தவறு, ஹாப் (தரவு ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தாவல்) எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. 2003இல் ஆர்எஃப்சி 3561 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்த ஏஓடிவி என்ற வழி தேடும் நெறிமுறை, குறைந்த ஹாப் உள்ள வழியையே விரும்பும். ஹாப் குறைந்தால் ஒவ்வொரு தாவலும் நீளும், சிக்னல் தள்ளாடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் சரிவிலிருந்து, எல்லா நோடின் தரவையும் வாங்கிக்கொள்ளும் கேட்வேக்கு நேரே அனுப்பும்போது தரவு பாதி, ‘கிடைத்தது’ என்று திரும்பி வரும் ஒப்புகை பாதிதான் சேருகிறது என்றால், ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக 1 ÷ (0.5 × 0.5) = 4 முறை அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு நோடு வைத்து, இரு தாவலிலும் போக வர 90 சதவீதம் சேர்ந்தால், தாவலுக்கு 1.23, மொத்தம் 2.47. ஹாப் ஒன்று கூடியும் பேட்டரிச் செலவு குறைகிறது! ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்று இப்படி எண்ணுவதுதான் எம்ஐடி ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்த ஈடிஎக்ஸ் அளவீடு.

இதை அளப்பதிலும் சறுக்குவார்கள். ‘நான் இருக்கிறேன்’ என்று பக்கத்து நோடுகளுக்குச் சொல்லும் குட்டி ஹலோ பாக்கெட் தப்பித்துப் போய்ச் சேரும். 127 பைட் முழு ஃபிரேம் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் தொகுப்பு) அதே வழியில் சிதையும். தரவின் நீளத்திலேயே சோதனை பாக்கெட்டையும் அனுப்புங்கள். மார்ச் வெயிலில் அளந்ததை நம்பி ஐப்பசி மழைக்குள் போகாதீர்கள். இலை சொட்டச் சொட்ட நிற்கும் நாளில் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும்.

ஏஓடிவியில் ஹலோ இடைவெளி இயல்பாக 1 விநாடி. அது நகரும் கருவிகளுக்குச் சரி. மரத்தில் கட்டிய நோடு எங்கே ஓடிப்போகப் போகிறது? நிமிடக் கணக்குக்குக் கூட்டுங்கள். வழி தேடும் கோரிக்கையை எல்லா நோடும் ஒரே நொடியில் மறுஒலிபரப்பினால் மோதித் தொலையும். சிறு தற்செயல் தாமதம் வையுங்கள். தேடலையும் 1, 3, 5, 7 ஹாப் என்று படிப்படியாக விரிக்கலாம்.

சிக்னல் போதவில்லை என்று ஒரு நோடின் பவரை மட்டும் ஏற்றாதீர்கள். அது பேசுவது எல்லா நோடுக்கும் கேட்கும், மற்றவை தரும் பதில் அதற்குக் கேட்காது.

கேட்வேக்குப் பக்கத்து நோடு தோட்டம் முழுவதன் சுமையையும் தாங்குகிறது. முதலில் பேட்டரி தீர்வது அதற்குத்தான். அங்கே மட்டும் இரண்டாக வையுங்கள்.