லேசர் பிரிண்டரில் ஒரே கறை திரும்பத் திரும்ப விழுகிறதா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

அலுவலக லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் செய்வது கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து நாலு குலுக்கு குலுக்கி மறுபடி மாட்டுவதுதான், அதற்கும் சரியாகவில்லை என்றால் புது டோனருக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். பக்கம் முழுக்க மங்கலாக வந்தால் அது பலிக்கலாம். ஆனால் ஒரே மாதிரிப் புள்ளியோ கறையோ மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் விழுகிறது என்றால், எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை அந்த இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும். அளக்காமல் பாகம் மாற்றினால், நன்றாக இருக்கிற பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே வைத்திருப்போம்.

விஷயம் எளிதுதான். பேப்பர் போகிற வழியெல்லாம் ரோலர்கள். டிரம் என்ற ஒளி உணரும் உருளை மேல் சார்ஜ் ரோலர் மின்னூட்டம் ஏற்றுகிறது, லேசர் அதில் எழுத்தின் வடிவத்தை வரைகிறது, டெவலப்பர் ரோலர் அந்த இடத்தில் டோனரை ஒட்டுகிறது, டிரான்ஸ்ஃபர் ரோலர் அதைப் பேப்பருக்கு இழுக்கிறது, கடைசியில் ஃப்யூசர் சூட்டிலும் அழுத்தத்திலும் டோனரை உருக்கிப் பேப்பரில் பதிய வைக்கிறது. இதில் ஏதாவது ஒன்றின் மேல் கீறலோ பிசினோ இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடம் விழும். ஆக, இரண்டு கறைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அந்த ரோலரின் சுற்றளவு, அதாவது விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் வருவது. சின்ன கறுப்பு வெள்ளை பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 மி.மீ., அப்படியானால் கறை சுமார் 75 மி.மீ.க்கு ஒன்று. 30 மி.மீ. டிரம் என்றால் 94 மி.மீ. 12 மி.மீ. சார்ஜ் ரோலர் என்றால் 38 மி.மீ.

சரி, எப்படி அளப்பது? சாதாரண எழுத்துப் பக்கத்தில் பாதிக் கறை ஒளிந்துகொள்ளும். ஒரு வெற்று டாக்குமென்டில் பக்கம் முழுக்க ஒரு பெட்டி வரைந்து அதில் வெளிர்ச் சாம்பல் நிறம், 30 சதவீதம் போல, நிரப்பி, ஒரு பக்க பிரிண்டாக ஐந்தாறு தாள் தொடர்ந்து அடியுங்கள். கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி இரண்டுமே இதில் தெரியும். அப்புறம் ஒரு கறையின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த கறையின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும், நடுவிலிருந்து நடு என்று குத்துமதிப்பாக அளந்தால் இரண்டு மூன்று மி.மீ. தப்பிவிடும், அந்த இரண்டு மூன்று மி.மீ.தான் சில சமயம் ஒரு ரோலருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே தாளில் நாலு கறை விழுந்தால் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்தை அளந்து மூன்றால் வகுங்கள், இன்னும் துல்லியமாக வரும். அளக்கும் திசை பேப்பர் ஓடும் திசையாக இருக்க வேண்டும். ஏ3 போடும் பெரிய மெஷின்களில் ஏ4 தாள் பெரும்பாலும் குறுக்காக ஓடும், அங்கே 297 மி.மீ. பக்கத்தை விட்டுவிட்டு 210 மி.மீ. பக்கம் வாக்கில் அளக்க வேண்டும்.

கிடைத்த எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். அநேகமாக எல்லா மேனுவலிலும் எந்த ரோலருக்கு எத்தனை மி.மீ. என்று ஒரு அட்டவணை இருக்கும், சில மாடல்களில் மெனுவிலிருந்தே அந்த அளவுகோலை பிரிண்ட் போட முடியும். ரோலரின் விட்டத்தை நீங்களே அளந்து கணக்குப் போடலாம்தான், ஆனால் டெவலப்பர் ரோலர் விஷயத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றும். அது பொதுவாக டிரம்மைவிட வேகமாகச் சுற்றும், அதனால் பேப்பரில் விழும் இடைவெளி அதன் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கும். இன்னொரு சிக்கல், 38 என்பது ஏறத்தாழ 75இல் பாதி. 38 மி.மீ.க்கு ஒரு கறை தெரிந்தால் எல்லாக் கறையும் ஒரே உருவமா என்று உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் சார்ஜ் ரோலர். ஒன்றுவிட்டு ஒன்று வேறு மாதிரி இருந்தால் டிரம்மிலேயே எதிரெதிரே இரண்டு அடி பட்டிருக்கலாம். கலர் மெஷின்களில் நிறங்களைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் டிரான்ஸ்ஃபர் பெல்ட் மிக நீளமானது, அதில் உள்ள கறை சில தாளில் விழும், சில தாளில் விழாது. ஐந்தாறு தாள் அடிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மேனுவல் கிடைக்கவில்லை என்றால் பிரிண்டை நடுவில் நிறுத்திப் பார்க்கும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சாம்பல் பக்கத்தை அனுப்பி, தாள் பாதி உள்ளே போனதும் முன்கதவைத் திறந்துவிடுங்கள், மோட்டார் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை மெதுவாக எடுத்து டிரம்மின் மூடியை விலக்கினால், இன்னும் பேப்பருக்குப் போகாத டோனர் டிரம் மேல் தூசிப் படலமாக இருப்பது தெரியும். அதிலேயே கறை இருந்தால் டிரம், சார்ஜ் ரோலர், டெவலப்பர் ரோலர் இவற்றில் ஒன்று. டிரம் மேல் சுத்தமாக இருக்கிறதா? உள்ளே சிக்கிய தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுங்கள், ஃப்யூசருக்குள் போகாத பகுதியில் டோனர் வெறும் பொடியாக உட்கார்ந்திருக்கும், விரல் பட்டால் இழுபட்டுவிடும். அந்தப் பொடிப் பகுதியிலேயே கறை தெரிந்தால் டிரான்ஸ்ஃபர் பக்கம் கோளாறு. ஃப்யூசரைத் தாண்டிய பகுதியில் மட்டும் தெரிந்தால் ஃப்யூசர்தான். தாளின் பின்பக்கம் அழுக்காக வந்தால் டிரான்ஸ்ஃபர் ரோலரையோ ஃப்யூசரின் அழுத்த ரோலரையோ சந்தேகப்படுங்கள். இதே மாடல் பிரிண்டர் இன்னொன்று பக்கத்தில் இருந்தால் இத்தனையும் வேண்டாம், கார்ட்ரிட்ஜை மாற்றி மாட்டிப் பாருங்கள், கறையும் கூடவே போனால் கார்ட்ரிட்ஜில்தான் கோளாறு.

கலர் பிரிண்டரில் அளப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்குக்கும் தனித்தனிப் பக்கம் அடியுங்கள். ஒரே நிறத்தில் மட்டும் கறை வந்தால் அந்த நிறத்தின் டிரம் அல்லது டெவலப்பர். நாலு நிறத்திலும் வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான பெல்ட்டோ ஃப்யூசரோ. மஞ்சளில் உள்ள கறை வெள்ளைத் தாளில் கண்ணுக்கு எளிதில் படாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

டிரம்தான் என்று தெரிந்ததும் உடனே மாற்ற வேண்டும் என்றில்லை. முகவரி லேபிள் தாள்களை அடிக்கும் அலுவலகங்களில் லேபிளின் பசை டிரம்மில் ஒரு பொட்டாக ஒட்டிக்கொள்வது சகஜம். கறை விழுந்த தாளை டிரம்மோடு நீளவாக்கில் வைத்து எந்த இடம் என்று பார்த்துக்கொண்டு, பல்சக்கரத்தைக் கையால் டிரம் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே திருப்பினால் அந்தப் பொட்டு கண்ணில் படும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் லேசாகத் தேய்த்து எடுங்கள். கத்தி, நகம், ஆல்கஹால் எதுவும் கூடாது, டிரம்மின் மேல்பூச்சு மிக மெல்லியது. வெறும் விரல் படவும் விடாதீர்கள். வெளிச்சமும் அதற்கு ஆகாது, வேலை முடியும் வரை கனமான துணியாலோ தாளாலோ மூடி வையுங்கள். பொட்டாக இல்லாமல் பள்ளமாகவோ கீறலாகவோ இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாக் கோளாறும் இடைவெளி விட்டு வராது. மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்க்கோடு வந்தால் முதலில் ஒரு கேள்வி: கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் போட்டாலும் வருகிறதா, காப்பி எடுத்தால் மட்டுமா? காப்பியில் மட்டும் என்றால் பிரிண்ட் பாகத்தைத் தொடவே வேண்டாம். மேலே தாள் ஊட்டும் பகுதிக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும், அதில் ஒயிட்னரோ பேனா மையோ ஒரு துளி ஒட்டியிருந்தாலே பக்கம் முழுக்கக் கோடு விழும். பிரிண்டிலும் மெல்லிய கறுப்புக் கோடு வந்தால் டிரம் கீறல் அல்லது டிரம்மைச் சுரண்டும் பிளேடு. சில மாடல்களில் சார்ஜ் ரோலருக்குப் பதில் ஒரு கம்பி இருக்கும், அதைச் சுத்தம் செய்ய டிரம் யூனிட் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் தள்ளு நாக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு முறை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டு அம்புக்குறி போட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுங்கள், நடுவழியில் விட்டால் அங்கேயே பட்டையாகக் கோடு விழும். வெள்ளைக் கோடு என்றால் டோனர் தீரும் நிலை, அல்லது லேசர் வரும் கண்ணாடியில் தூசி.

ஒரு எழுத்து கீழே மங்கலான நிழலாக மறுபடி வந்தால் அதற்கும் அதே ஸ்கேல்தான். எழுத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரம் டிரம் அளவா, ஃப்யூசர் அளவா என்று பாருங்கள். ஃப்யூசர் அளவு என்றாலும், தடித்த தாளைப் போட்டுவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்றே விட்டிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். தேய்த்தால் டோனர் உதிர்வதற்கும் இதே காரணம் இருக்கலாம். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பதியாமல் விட்டிருந்தால் தாளில் ஈரம். புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃப்யூசர் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் வேலை செய்வது, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சிந்திய டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுக்காதீர்கள், அந்த நுண்பொடி ஃபில்டரைத் தாண்டி அறைக்குள்ளேயே பறக்கும். லேசாக ஈரம் செய்த துணி போதும். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சூடான தண்ணீர் வேண்டாம்.

ஃப்யூசர், பெல்ட் வரை போக வேண்டி வந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதே நல்லது. அவரிடம் கறை விழுந்த தாள்களையே கொடுங்கள், பேப்பர் ஓடிய திசையை அம்புக்குறியாகப் போட்டு, அளந்த மி.மீ.யையும் எந்த ட்ரேயிலிருந்து அடித்தது என்பதையும் ஓரத்தில் எழுதி. பாகம் மாற்றியதும் அவர் கிளம்புவதற்குள் அதே சாம்பல் பக்கத்தை மறுபடி ஐந்தாறு தாள் அடித்து, அதே இடைவெளியில் கறை இன்னும் விழுகிறதா என்று அவர் முன்னாலேயே அளந்துவிடுங்கள்.