குக்கீ கிளிக்கர்: புதியவர்களுக்கான செய்முறையும் இதன் நிறைகுறையும்

2013இல் ஓர்டெய் உருவாக்கிய இந்த விளையாட்டைப் பிரவுசரில் இலவசமாக ஆடலாம். முதலில் ஒரே ஒரு பெரிய குக்கீதான் இருக்கும்; அதைத் தட்டத் தட்டக் குக்கீகள் சேரும். போகப்போக மந்திரவாதி கோபுரமும் டிராகனும் வந்து சேரும்.

1. 15 குக்கீ சேர்ந்ததும் ஒரு கர்சர் வாங்குங்கள். 100 ஆனதும் ஒரு பாட்டி. இவை தாமாகவே குக்கீ செய்யும்: கர்சர் நொடிக்கு 0.1, பாட்டி நொடிக்கு 1. ஒவ்வொன்று வாங்கும்போதும் அதன் விலை 15 விழுக்காடு ஏறும். பத்தாவது கர்சர் 53 குக்கீ. போட்ட முதல் திரும்ப 530 நொடி ஆகும். முதல் பாட்டிக்கு 100 நொடி போதும். விலையை வருமானத்தால் வகுத்துப் பார்த்து வாங்கினால் தேங்கி நிற்க மாட்டீர்கள்.

2. திரையில் திடீரெனத் தோன்றும் தங்கக் குக்கீயைத் தட்டாமல் விடாதீர்கள். தொடக்கத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து 13 நொடியில் மறைந்துவிடும். ‘ஃப்ரென்சி’ கிடைத்தால் 77 நொடிக்கு உற்பத்தி 7 மடங்கு. ‘லக்கி’ கிடைத்தால் கையிருப்பில் 15 விழுக்காடு அல்லது 15 நிமிட உற்பத்தி, இரண்டில் எது குறைவோ அது. நொடிக்கு 1,000 செய்பவரிடம் 1 மில்லியன் இருந்தால் 150,000தான் வரும். 6 மில்லியன் இருந்தால் 900,000. புதியவர்கள் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடுவதால்தான் லக்கி சொற்பமாகத் தெரிகிறது. நொடி உற்பத்தியைப் போல் 6,000 மடங்கை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

3. ஆப்ஷன்ஸில் ‘எக்ஸ்போர்ட் சேவ்’ அழுத்தி, வரும் எழுத்துக் கோவையை உங்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பிரவுசர் தரவை அழித்தால் ஆட்டமும் சேர்ந்தே போய்விடும். சைபர் கஃபே கணினியில் ஆடுபவர்களுக்கு இது கட்டாயம்.

4. பாட்டிகளின் ஆராய்ச்சியில் ‘ஒன் மைண்ட்’ என்ற மேம்பாட்டை வாங்கினால் பாட்டிகள் சினம்கொள்வார்கள், குக்கீயைச் சுற்றிப் புழுக்கள் ஒட்டும். பத்தும் ஒட்டினால் உற்பத்தி பாதியாகிவிடும். இங்கே பயந்து ஆட்டத்தைக் கைவிடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு புழுவும் அந்தப் பாதியளவைத் தனித்தனியே விழுங்கி, உடைக்கும்போது 1.1 மடங்காகத் திருப்பித் தரும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 6 மடங்கு இலாபம்! ஆட்டத்தைத் திறந்தபடியே விடுபவருக்கு இது பெரும் வரம். அடிக்கடி தட்டி ஆடுபவருக்கு, அப்போது தங்கக் குக்கீக்குப் பதிலாகச் சிலவேளை வரும் சிவப்புக் குக்கீயின் ‘ரூயின்’ விளைவு கையிருப்பைக் கரைக்கும். அவர்கள் இதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நகைச்சுவைதான் இந்த ஆட்டத்தின் உயிர். மேலே ஓடும் செய்தி வரியைப் படியுங்கள்: முதல் ஈடு குக்கீ குப்பைக்குப் போக, அக்கம்பக்கத்து ரக்கூன்கூட பட்டும் படாமல்தான் வாய் வைக்கும். உற்பத்தி ஏறஏறச் செய்தியும் மாறும். இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்து எழுதிய கிளிக்கர் ஆட்டங்கள் குறைவு. தமிழில் கிடைக்காதது நமக்கு இழப்புதான். ஆங்கிலச் சொல்விளையாட்டு பிடிபடாவிட்டால் பாதிச் சுவை போய்விடும்.

பெரிய குறை, தொடக்கத்தில் ஆட்டத்தை மூடினால் உற்பத்தி அடியோடு நின்றுவிடுவது. பினாங்கில் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் ஃபெரியில் போகும் நேரத்துக்குள் ஒரு தங்கக் குக்கீ வந்தாலே அதிர்ஷ்டம். கைப்பேசித் திரையை அணைத்தால் பிரவுசரும் உறங்கிவிடும். வீட்டு மடிக்கணினியில், தனிச் சன்னலில் திறந்து வைப்பதே சரி.

5. 1 டிரில்லியன் குக்கீக்கு முதல் பிரெஸ்டீஜ் நிலை (ஆட்டத்தை மீண்டும் தொடங்கினாலும் அழியாத நிலை) கிடைக்கும். உடனே, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ‘அசென்ட்’ பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த ஒரு நிலையை வைத்து ஏறக்குறைய எதையும் வாங்க முடியாது. 365 நிலை சேரும்வரை பொறுங்கள். பிறகு அசென்ட் செய்து, அங்குள்ள மேம்பாடுகளில் ‘லெகசி’யை வாங்கி, ‘ட்வின் கேட்ஸ்’ எடுங்கள்: ஆட்டம் மூடியிருக்கும் முதல் 1 மணி நேரத்துக்கு 5 விழுக்காடு உற்பத்தி தொடர்ந்து நடக்கும்.