நிலநடுக்க மேல்மையம்: மூன்று வட்டம் போடும்போது எங்கே தவறுகிறோம்?

நில அதிர்வைப் பதியும் மூன்று நிலையங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நடுக்கம் இருந்த தூரத்தை ஆரமாக வைத்து மூன்று வட்டங்கள், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி. நிலநடுக்கத்தின் மேல்மையத்தை, அதாவது அது தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளியை, கண்டுபிடிக்க எல்லோருக்கும் சொல்லித்தரும் வழி இதுதான், வழியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் செய்து பார்க்கும்போது அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன, முதல் தவறு தூரக் கணக்கிலேயே வந்துவிடுகிறது.

நடுக்கம் கிளப்பும் அதிர்வுகளில் வேகமான பி அலை முதலில் வரும், மெதுவான எஸ் அலை பின்னால் வரும். புவியின் மேலோட்டில் பி அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ, எஸ் அலைக்கு 3.5 கி.மீ. ஒரு நிலையத்தில் இரண்டுக்கும் இடையே 20 வினாடி இடைவெளி என்றால் பலர் சட்டென்று 20-ஐ 6-ஆல் பெருக்கி 120 கி.மீ என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. எஸ் அலை எவ்வளவு பிந்தி வந்தது என்பதைத்தான் அந்த 20 வினாடி சொல்கிறது, பயண நேரத்தைச் சொல்லவில்லை. சரியான விடை 168 கி.மீ: அதைக் கடக்க பி அலைக்கு 28 வினாடி, எஸ் அலைக்கு 48 வினாடி, கழித்தால் 20. ஆக, இடைவெளியில் ஒரு வினாடிக்கு 8 கி.மீ-க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் அருகில் நடந்த நடுக்கங்களுக்கு மட்டும்தான். தொலைவில் நடந்தவற்றின் அலைகள் ஆழத்தில் இறங்கி, வேகமாகப் போகக்கூடிய பாறைகள் வழியே வருவதால் இந்தச் சுருக்குவழி தூரத்தைக் குறைத்துக் காட்டும், அங்கே எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் பயண நேர அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பிழை அதிகம் நுழையும் இடம் எஸ் அலையின் தொடக்கத்தைக் குறிப்பதில். பி அலை வருவதற்கு முன் பதிவுக்கோடு ஏறக்குறைய அமைதியாக இருக்கும், அதனால் அதன் தொடக்கம் பளிச்சென்று தெரியும். எஸ் வரும்போதோ கோடு ஏற்கனவே பி அலையின் மிச்ச அதிர்வில் ஆடிக்கொண்டிருக்கும், அதற்குள் பெரிதாக ஒரு முகடு எழும்பியதும் அதுதான் எஸ் என்று கோடு போட்டுவிடுகிறார்கள், ஆனால் உண்மையான தொடக்கம் அதற்கு ஓரிரு வினாடி முன்னாலேயே இருக்கும், சில நேரம் அந்த முகடு எஸ் அலையே அல்லாமல் அதற்கும் பின்னால் வரும் மேற்பரப்பு அலையாக இருக்கும். இரண்டு வினாடி தவறினால் தூரத்தில் ஏறத்தாழ 17 கி.மீ வித்தியாசம் வந்துவிடும். பி-யைத் தரை மேலும் கீழும் ஆடுவதைக் காட்டும் செங்குத்துப் பதிவிலும் எஸ்-ஐப் பக்கவாட்டில் ஆடுவதைக் காட்டும் கிடைமட்டப் பதிவுகளிலும் தேடுங்கள், பாதிச் சிரமம் குறையும்.

அப்புறம் ஆழம். பாறை உடையத் தொடங்கும் இடமான குவியம் தரைக்கு அடியில் இருக்கிறது, மேல்மையம் அதற்கு நேர் மேலே தரைப்பரப்பில் இருக்கும் புள்ளி. நாம் கணக்கிட்ட 168 கி.மீ குவியம் வரைக்குமான சாய்வுத் தூரம். குவியம் 10 கி.மீ ஆழத்தில் இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை, 100 கி.மீ ஆழம் என்றால் தரையில் தூரம் 135 கி.மீ-தான். அதனால்தான் வட்டங்கள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவில் முக்கோணம் போல ஓர் இடத்தை விடுகின்றன. அதைக் கைத்தவறு என்று நினைத்து ஒரு வட்டத்தைச் சுருக்கி மூன்றையும் புள்ளியில் சேர்த்துவிடாதீர்கள். ஆழம் எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதற்கான தடயமே அந்த முக்கோணம்தான்.

நிலையங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் எண்ணிக்கை கூடியும் பயனில்லை. கடலுக்கடியில் நடுக்கம், நிலையங்கள் கரையோரம் வரிசையாக என்றால், வட்டங்கள் ஒன்றையொன்று உரசுவது போல வெட்டும், சின்னப் பிழைகூட மேல்மையத்தை வெகுதூரம் இழுத்துப் போய்விடும்.

இன்று கணினி இதையெல்லாம் வேறு விதமாகச் செய்கிறது: அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தொடங்கிய நேரம் என்ற நான்கையும் முதலில் ஊகித்து, அந்த ஊகப்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்த நேரத்தோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும். பதிவுகள் கூடக்கூட விடை நகரும், முதலில் அறிவித்த இடம் பிறகு மாறுவதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஆழம் சரியாகப் பிடிபடாதபோது அதை 10 கி.மீ என்று நிலையாக வைத்துக் கணக்கிடுவதும் வழக்கம், எனவே அறிவிப்பில் '10 கி.மீ ஆழம்' என்று கண்டதும் அளந்த எண் என்று நம்பிவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆபத்தாகப் படுவது, மேல்மையத்தில்தான் சேதம் அதிகம் என்ற எண்ணம். அது உடைப்பு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே உள்ள புள்ளி மட்டுமே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் மேற்கே கடலடியில் தொடங்கிய உடைப்பு வடக்கே அந்தமான் வரை ஆயிரம் கி.மீ-க்கு மேல் ஓடியது, வரைபடத்தில் அதற்கும் ஒரே ஒரு புள்ளிதான். 1985-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் மேல்மையம் கொண்ட நடுக்கம், 300 கி.மீ-க்கும் அப்பால் பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண்மீது நின்ற மெக்சிகோ நகரில்தான் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது.