வேகமெடுத்தால் மட்டும் மிஸ்ஸாகும் இன்ஜின்: சோதிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நிற்கும் இடத்தில் இன்ஜின் தையல் இயந்திரம் போல ஓடுகிறது. தெருவுக்குள் ஓட்டினாலும் குறை தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைத்தான் 'மிஸ்ஸாகிறது' என்கிறோம். இந்தப் புகாரோடு வரும் காரை நிறுத்தி, பானட்டைத் திறந்து, நியூட்ரலில் இரண்டு முறை உறுமவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று மூடிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

"வேகத்தில் மிஸ்ஸாகிறது" என்ற ஒரே புகாருக்குள் இரண்டு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இன்ஜினின் சுழற்சி வேகம், மற்றது அதன் மேல் விழும் சுமை. நியூட்ரலில் 5000 ஆர்பிஎம் வரை ஏற்றினாலும் சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி தாவ எத்தனை வோல்ட் வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த அழுத்தத்தைப் பொறுத்தது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாத ஓட்டத்தில்) ஏறக்குறைய 10,000 வோல்ட்டில் தாவிவிடும் பொறிக்கு, மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் 20,000க்கு மேல் தேவைப்படலாம். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் ரப்பர் உறையிலோ பிளக் வயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் போதும். பிளக் முனையில் தாவுவதைவிட விரிசல் வழியே எர்த்துக்கு ஓடுவது மின்சாரத்துக்கு எளிதாகிவிடுகிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உயர் கியரில் 2000 ஆர்பிஎம் அளவில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். அப்போது வெட்டினால் குறை சுமையோடு சேர்ந்தது: பிளக் இடைவெளி, உறைக் கசிவு, பெட்ரோல் குறைந்த கலவை ஆகியவற்றைப் பாருங்கள். தாழ்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை மென்மையாக வைத்து ஆர்பிஎம்மை ஏற்றும்போது மட்டும் வெட்டினால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும்: இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார், தளர்ந்த வால்வு ஸ்பிரிங், பழைய வண்டியானால் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாயின்ட்.

"வேகம் கூடும்போது காயில் சார்ஜாக நேரம் கிடைப்பதில்லை" என்ற பழைய விளக்கத்தை எல்லா வண்டிக்கும் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் மின்சாரத்தை எல்லாப் பிளக்குக்கும் பங்கிடும் கருவி) உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரே காயில் 5 மில்லி செகண்டுக்கு ஒரு பொறி தர வேண்டும்; அங்கே நேர நெருக்கடி உண்மை. பாயின்ட் இடைவெளி கூடிவிட்டால் காயில் சார்ஜாகும் நேரம் இன்னும் சுருங்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த இன்ஜினில் அதே வேகத்தில் 20 மில்லி செகண்ட் கிடைக்கிறது. அங்கே நேரத்தைக் குறை சொல்வதற்கு முன், காயிலுக்கு வரும் பேட்டரி மின்னழுத்தம் ஓட்டத்தில் சரியாக இருக்கிறதா, எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான குறைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர், பி0302 (இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்று காட்டியதும் இரண்டாம் காயிலை வாங்க ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் பொறியைப் பார்ப்பதே இல்லை. கிராங்க் சுழலும் வேகத்தில் ஏற்படும் சிறு தொய்வைக் கொண்டு, இரண்டாம் சிலிண்டர் தன் பங்குக்குத் தள்ளவில்லை என்று கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் வால்வு கசிந்தாலும் அதே குறியீடு வரும். அதைவிட மோசம், குறியீட்டைக் கண்டதும் அழித்துவிடுவது. குறை நிகழ்ந்தபோதிருந்த ஆர்பிஎம், சுமை, வெப்பம் ஆகிய பதிவுகளும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

காயிலைச் சிலிண்டர் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றியபின் அந்தக் குறையும் வேறு சிலிண்டருக்கு மாறினால், குற்றவாளி எது என்று யார் சொல்வது? நான் ஒரு மாலை முழுவதையும் இப்படித்தான் வீணாக்கினேன்.

பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பொறி பார்த்து, "நீலமாக அடிக்கிறது, காயில் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவதும் ஏமாற்றும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் பலவீனமான காயில்கூடப் பொறி தரும். இடைவெளியை அகலமாக்கிப் பார்க்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர்தான் இதற்குச் சரி. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். ஷாக் அடிப்பது ஒருபுறமிருக்க, போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உறையையே பிளந்துவிடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கொதிக்க வைக்கும். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டும்போது சோதனை ஓட்டத்தை நீட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

பிளக்கின் பீங்கானில் உலோக உடலையொட்டி வளையமாகப் படியும் பழுப்புக் கறை இயல்பானது. அதைச் சிலிண்டரிலிருந்து வரும் வாயுக் கசிவு என்று நினைக்க வேண்டாம். நீளவாக்கில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால்தான் மின்சாரம் வெளிவழியே ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோட்டின் ஜோடி ரப்பர் உறையின் உட்புறத்திலும் இருக்கும். பிளக்கை மட்டும் புதிதாக்கி பழைய உறையை மாட்டினால், சில நாட்களில் புதிய பீங்கானிலும் கோடு விழும்.

இக்னிஷனே (பொறி தரும் அமைப்பே) காரணமில்லாத வண்டிகளும் ஏராளம். பொறி தவறினால் வண்டி பட்டென்று குலுங்கும். பெட்ரோல் போதாவிட்டால் மெல்ல மூச்சுத் திணறும். இது சட்டமல்ல, ஆனாலும் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு இந்த வேறுபாடு தெரியும். பெட்ரோல் அழுத்தத்தை ஐடிலில் மட்டும் அளந்து பம்பைத் தேர்ச்சி பெறவைப்பது பயனற்றது, ஏனெனில் அடைத்த ஃபில்டரின் குணம் அதிகப் பெட்ரோல் கேட்கும்போதுதான் தெரியும். பெட்ரோல் குறைந்த கலவைக்குப் பொறி தாவவும் கூடுதல் வோல்ட் வேண்டும். அதனால் புதிய காயில் போட்டதும் வண்டி சற்றுத் தேறி, மூலக்குறை ஃபில்டரிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

கடைசியாக வெப்பம். குளிர்ந்த காயிலை மேசைமேல் வைத்து மல்டிமீட்டரில் ஓம் கணக்குச் சரியாக வந்தது என்று விடுதலை கொடுக்காதீர்கள். உறைக் கசிவு அந்த மீட்டரின் சிறு மின்னழுத்தத்துக்குத் தென்படாது; சுருளுக்குள் உள்ள விரிசலோ சூடேறிய பிறகுதான் வாய் திறக்கும். அரை மணி நேரமாவது ஓட்டி, ஒருவர் சாலையைப் பார்க்க மற்றவர் ஸ்கேனரின் நேரடித் தரவைப் பார்த்து, குறை வரும் கணத்தில் எந்தச் சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு திரும்புங்கள். ஸ்பானரை அதன் பிறகு எடுக்கலாம்.